மூன்று மாத ஊசி

திருவொற்றியூரில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்து ஒற்றை அறையில் ஒரு நேபாளக் குடும்பம் இருந்தது. அவன் நெடுஞ்சாலையோரத்து ஃபாஸ்ட் ஃபுட் கடையில் மாஸ்டர். மதியம் போனால் கடை சாத்திவிட்டுத்தான் வருவான். முதலில் தனியாகத்தான் இருந்தான். ஒரு வருஷம் போல ஆன பிறகு ஊருக்குப் போய் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துவந்தான். அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். குழந்தை பெண். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது.

அந்தத் தெருவில் அவளோடு பேசக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அதற்காக எனக்கு இந்தி தெரியும் என்று சொல்லிவிட முடியாது. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற வேலை எனக்கு. வடக்கேயிருந்து லாரி ஓட்டி வருகிறவர்களிடம் கத்திக் கத்தி வந்த இந்தி அது. வண்டியை ஓரம் கட்டு, சீல் உடைந்திருக்கிறதா, என்ன சரக்கு, இன்றைக்கு இல்லை நாளைக்கு வா. இதற்கு மேல் போனால் எனக்கு வார்த்தை கிடையாது. அவளுக்கும் இந்தி பாதிதான். டிவி பார்த்து வந்தது. இரண்டு பேரும் அந்த அரைகுறை பாஷையில் கறிவேப்பிலை, தண்ணீர் லாரி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சமாளித்துக்கொண்டிருந்தோம். என்னை தீதி என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த சங்கரா மீனை மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். கொஞ்ச நேரம் மீனையே பார்த்தாள். பிறகு, "தீதி, சூயி" என்றாள்.

சூயி என்றால் ஊசி. குழந்தைக்குத் தடுப்பூசி என்று நினைத்தேன். இல்லை என்று தலையாட்டி, தன் கையைத் தொட்டுக் காட்டினாள். காய்ச்சலா என்று கேட்டேன். அதுவும் இல்லை. சிரித்து, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் குழந்தையைக் காட்டி ஒரு விரலை நீட்டினாள். இன்னொரு விரலை நீட்டிப் பார்த்து, அதை மடக்கிக்கொண்டாள். இன்னொன்று இப்போது வேண்டாம். மூன்று மாதம், மூன்று மாதம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மீன் கையோடு அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோத்துப் புரிந்துகொண்டேன். அவள் ஊரில், மலைச்சரிவில், ஒரு சின்ன சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுவாள். போட்டால் குழந்தை நிற்காது. காசு இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் இருந்தபோது அவள் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ரயில் ஏறுவதற்கு முன்புகூட ஒன்று போட்டுக்கொண்டு வந்தாள். அதன் காலம் இப்போது முடிகிறது. ஒரு மலைக்கிராமத்தில் கிடைக்கிற ஊசி மெட்ராஸ் மாதிரி ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்றுதான் நினைத்து வந்திருக்கிறாள்.

அப்படி ஓர் ஊசி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். கட்டில் ஓரமாக நின்று என் மாமியாரும் நர்ஸும் பேசிக்கொண்டார்கள். நான் தலையாட்டியதாக ஞாபகம். அதன்பிறகு அந்தக் கவலையே எனக்கு இருந்ததில்லை. அதைத் தேடிக்கொண்டு யார் வாசலிலும் நான் போய் நின்றதும் இல்லை. "கேட்டுச் சொல்றேன்" என்று அவளிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். புரிந்தது போல எழுந்து போனாள்.

முதலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். கடை முன்னால் ஆம்பிளைகள் நின்றிருந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று இருமல் மருந்து வாங்குகிற மாதிரி நின்றேன். கடைக்காரர் தெரிந்தவர்தான். நான் மெதுவாகச் சொன்னதற்கு அவர் சாதாரணக் குரலிலேயே பதில் சொன்னார்.

"அந்த ஊசிலாம் நாங்க வெக்கறதில்லம்மா. டாக்டர் சீட்டு எடுத்துகினு வா, ஆர்டர் போட்டுப் பாக்கலாம். மாத்திரை வேணா கீது. அதயும் டாக்டராண்ட கேட்டுகினு சாப்புடச் சொல்லு."

மாத்திரையை அவளிடம் சொன்னேன். வாந்தி எடுப்பது போல நடித்துக் காட்டினாள். ஊரிலேயே அதைச் சாப்பிட்டுப் பார்த்து, தலைசுற்றலில் தண்ணீர்க் குடத்தோடு விழுந்திருக்கிறாள். ஆணுறையைப் பற்றிக் கேட்க எனக்கு வார்த்தையும் இல்லை, தைரியமும் இல்லை. போனில் படம் தேடிக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள். அவன் மாட்டான் என்று புரிந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம், நீங்கள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவர் ஹார்பரில் ஒப்பந்தத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான்.

"நானா? அவனாண்ட போயி இன்னான்னு சொல்றது? ரெண்டு முட்ட ரைஸ் குடு மாஸ்டர், அப்டியே இத்தயும் கேட்டுக்கோன்றதா? அடுத்தவன் வூட்டு வெவகாரம்மே அது."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் அவரை வற்புறுத்தவில்லை. அவர் சொன்னாலும் அவன் கேட்டிருப்பான் என்று தோன்றவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் சாயங்காலம் அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா அவசரப்படாமல்தான் பேசினார். ஊசி தங்களிடம் இல்லை என்றார். காப்பர் டி போடலாம், அதற்கு முன்னால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அது அவள் புருஷனின் சம்பளத்தில் பாதிக்குமேல் இருந்தது. எவ்வளவு என்று அவள் கேட்டாள். சொன்னேன். நான் எண்ணைத் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து இன்னொருமுறை கேட்டாள். எண்கள் மட்டும் எனக்கு இந்தியில் தப்பாது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இலவசமாகக் கிடைக்கிற இடம் என்றால் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்தான். யார்டில் பாதி நாள் பர்மிஷன் சொல்லிவிட்டுப் போனோம். அங்கே இருந்த நர்ஸம்மா எங்கள் பக்கத்துக்காரர். பேச்சிலேயே தெரிந்தது.

"மூணு மாச ஊசியா? கீதே. ஃப்ரீதான். இப்ப ஸ்டாக் தீந்து போச்சு. அடுத்த வாரம் இட்டுகினு வா."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதற்கா இத்தனை நாள் அலைந்தோம் என்று அவளிடம் கையை விரித்துக் காட்டினேன். திரும்புகிற வழியில் அவள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். நான் காசு எடுத்ததற்குக் கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் போனபோது ஊசி வந்திருந்தது. நர்ஸம்மா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆதார் நம்பர் கேட்டார். இல்லை என்றேன். ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி எதுவும் இல்லை. நேபாளத்து அடையாள அட்டையை அவள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். அதை நீட்டினாள். நர்ஸம்மா வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இத்த நான் எங்கம்மா ஏத்தறது? நம்பர் போட்டாத்தான் அடுத்த பக்கம் தொறக்கும். வடநாட்டுக்காரின்னு நெனச்சேன். வெளிநாடால்ல கீது."

"கைல எழுதி வெச்சுகினு போட்ற முடியாதாம்மா?"

"போட்ருவேன். ஆனா ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பேரு காட்டணும். காட்டலேன்னா எங்க போச்சு, வித்துட்டியான்னு என்னத்தான் கேப்பாங்க."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கர்ப்பிணிகள் விசிறிக்கொண்டே நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன நினைத்தேனோ, "எம்பேர்ல எழுதிக்கினு அவளுக்குப் போடுங்க" என்று என் ஆதாரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். போடக் கூடாது என்று தெரிந்தும் நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை.

"உனுக்கு ஆபரேஷன் ஆயிட்ச்சுன்னு காட்டுதும்மா. உனுக்கு எப்டி நான் ஊசி போட்டேன்னு எழுதறது?"

நர்ஸம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்து, ராயபுரம் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே டாக்டர் எழுதிக்கொடுத்தால் போட்டுவிடுவார்கள், ஆதார் இல்லையென்றாலும் பரவாயில்லை என்றார். இதை நான் இந்தியில் எப்படிச் சொல்வது? நம்பர் இல்லை, நாளைக்கு வா என்பது போல என்னவோ சொன்னேன். அவள் ஊசி இருக்கிற ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருக்கிறது, ஆனால் இல்லை என்பதை அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. எனக்கே முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக முடியவில்லை. அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சடையங்குப்பம் பக்கம் ஆட்களைப் படகில் ஏற்றினார்கள் என்று சொன்னார்கள். எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். அவள் அறைக்குள் சாக்கடை புகுந்து, தாயும் பிள்ளையும் எங்களோடு மாடியில் இருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் குழந்தைக்குக் காய்ச்சல். அது தேறியதும் யார்டில், மழையில் தேங்கிய வண்டிகளை அனுப்புகிறவரை யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவளைத் தனியாக அனுப்பலாம் என்றால் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் இல்லை. தினமும் நான் வேலைக்கு இறங்கும்போது வாசலில் நிற்பாள். எதுவும் கேட்கமாட்டாள். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவேன்.

கடைசியில் ஒரு நாள் போனோம். ஷேர் ஆட்டோவில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஓ.பி. சீட்டு வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. முறை வந்தபோது, உள்ளே ஒரு இளம் டாக்டர். அந்தப் பெண் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அட்டையைக்கூடக் கேட்கவில்லை. இத்தனை நாள் அலைந்ததற்கு இங்கே நடந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போன்னு கேளுங்க."

அதற்கு இந்தியில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. லாரிக்காரர்களிடம் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. மாதம் என்பதற்கான வார்த்தையைச் சொன்னேன். அவள் மூன்று என்றாள். ஊசியைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வயிற்றைத் தொட்டு, துணியைக் காட்டி, மறுபடி கேட்டேன். அவள் வெட்கப்பட்டு, கையைக் குவித்து விரித்தாள். அந்த ஊசி போட்டால் அது ஒழுங்காக வராதாம்; அதனால் அவள் கணக்கு வைப்பதில்லை.

"சரி, மொதல்ல யூரின் டெஸ்ட் பண்ணிடலாம். அது இல்லாம ஊசி போடக் கூடாது" என்றார் டாக்டர்.

சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அவள் போய்வந்தாள். பெஞ்சில் காத்திருந்தோம். அவள் சட்டைக் கையை அப்போதே சுருட்டி வைத்துக்கொண்டாள்.

கூப்பிட்டார்கள். டாக்டர் அந்தப் பட்டையை மேஜையில் வைத்திருந்தார். இரண்டு கோடு. என்னைப் பார்த்து, "கன்சீவ் ஆயிருக்காங்க. ஊசி இப்ப போட முடியாது. சொல்லிடுங்க" என்றார்.

சொல்லிடுங்க. அவருக்கு அது ஒரு வார்த்தை. நான் அவள் பக்கம் திரும்பினேன். எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் துழாவினேன். லோடு ஏறிவிட்டது என்று லாரிக்காரர்கள் சொல்வதுதான் நாக்கில் வந்தது. அதை எப்படி ஒரு பெண்ணிடம் சொல்வேன்? வயிறு, அதில், குழந்தை. மூன்று வார்த்தைதான் சொன்னேன்.

"நஹீ தீதி" என்றாள், நான்தான் தப்பாகச் சொல்கிறேன் என்பது போல. அந்த டிவி இந்தியில் எனக்கு அவள் பாடம் எடுப்பாள் சில சமயம், அதே முகம். பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். சுருட்டிய கையை மேஜைமேல் நீட்டி, "சூயி" என்றாள். இப்போது போட்டாலும் சரியாகிவிடும் என்று நினைத்தாளா, அல்லது கேட்பதற்கு அவளிடம் வேறு வார்த்தை இல்லையா, தெரியாது. டாக்டர் அவள் கையைப் பிடித்து மெல்ல மேஜையிலிருந்து இறக்கிவிட்டார்.

"வெச்சுக்கறாங்களா, வேணாம்னு நெனைக்கிறாங்களா, கேளுங்க. வேணாம்னா இங்கயே பண்ணலாம், ரொம்ப நாள் ஆகல. ஆனா அவங்கதான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது."

வேண்டுமா, வேண்டாமா? யார்டு வாசலில் டீக்காரர் வரும்போது டிரைவர்களிடம் நான் கேட்கிற அதே இரண்டு வார்த்தைகளால்தான் அதையும் கேட்டேன். குழந்தை அவள் கழுத்துப் பாசிமணியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் குழந்தையை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பேசினால் அழுதிருப்பேன். நான் அழுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம், இருவரும் மேலே வந்தார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். கடையில் கற்ற தமிழில் அவன் நன்றாகவே பேசுவான்.

"அக்கா, இவ ஊருக்குப் போவட்டும். அங்க எங்க அம்மா இருக்கு. அம்மா பாத்துக்கும். இங்க கஷ்டம் அக்கா, தண்ணி வருது வீட்டுல."

"டாக்டர் அவளத்தான் சொல்லச் சொன்னாங்கப்பா. அவளுக்கு இன்னா வேணுமாம்?"

"அவளுக்கும் அதான் அக்கா."

அவன் சாதுவான ஆள். கத்தியோ அடித்தோ நான் பார்த்ததில்லை. நான் அவனைத் தாண்டி அவளிடம் இந்தியில் கேட்டேன். உனக்கு? அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம் நேபாளியில் பேசினாள். கொஞ்சம் நீளமாகவே பேசினாள். அவள் அவ்வளவு சரளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவள் குரல் இப்படி இருக்கும் என்பதே எங்கள் அரைகுறை இந்தியில் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. நடுவில் ஒருமுறை என் பக்கம் கையைக் காட்டினாள். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான்.

"இன்னா சொல்றா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல அக்கா. உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்றா."

அவ்வளவு நீளமான நன்றி இல்லை அது. ஆனால் அவன் சொன்னதை மறுக்க என்னிடம் என்ன இருந்தது? என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, நேரமாகிறது என்று கண்ணைக் காட்டினார். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

அந்த வாரமே ரயிலில் அனுப்பிவிட்டான். ஊர்க்காரர்கள் யாரோ போகிறார்களாம், அவர்களோடு. நான் யார்டிலிருந்து திரும்பியபோது அறை வாசலில் அவள் துணிக்கொடி வெறுமையாகத் தொங்கியது. என் மகளிடம் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

வாட்ஸ்அப்பில் எப்போதாவது குரல் செய்தி வரும். தீதி, சாப்பிட்டாயா, இங்கே குளிர். அவளுக்கும் எனக்கும் எழுத ஒரு பொதுவான எழுத்து இல்லை. ஒருநாள் துணியில் சுற்றிய சிவந்த முகத்தோடு ஒரு படம் வந்தது. அதுவும் பெண். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டேன். மாமியார் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கமாம். சுகாதார நிலையம் அவள் அம்மா வீட்டுப் பக்கம். மாமியார் விடுவதில்லை என்பதுபோல என்னவோ சொன்னாள். ஆண் குழந்தைக்கான வார்த்தை அதில் இருந்தது. மற்றதெல்லாம் நேபாளி, பிடிபடவில்லை. யார்டில் கோரக்பூர் டிரைவர் ஒருவர் நேபாளி புரியும் என்பார். அவரிடம் போட்டுக் காட்டலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். அவள் பேச்சை லாரிக்காரர் ஒருவர் கேட்பதா என்று மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

தசரா லீவுக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி இங்கே வரவில்லை. ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டதாக ஃபாஸ்ட் ஃபுட் கடைக்காரர் சொன்னார். அவன் ஊரிலிருந்து கிளம்பிப் போன பிறகு அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. சின்னது, குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே. உடம்பு சரியில்லை, வாந்தி என்றாள். நான் மூன்று நான்கு தடவை அழைத்தேன். மணி அடித்து நின்றது. பிறகு அந்த நம்பருக்கு மணியும் அடிப்பதில்லை.

கீழ் அறைக்கு இப்போது எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிற இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். ஜார்க்கண்ட்காரர்கள். என்னிடம் நன்றாக இந்தி பேசுகிறார்கள். முக்கால்வாசி எனக்குப் புரிகிறது.